கைமள் சாரின் ஆறு தசமங்கள்

வட்டக்கரி கிராமம் ஆண்டுக்கு 4.285714 மில்லிமீட்டர் வீதம் காயலுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று திங்கட்கிழமைப் பத்திரிகையில் வந்திருந்தது. கண்டுபிடித்தவர் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவர் டாக்டர் பரமேஸ்வரக் கைமள். படத்தில் அவர் தண்ணீரைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதற்கென்றே கோட்டு போட்டிருந்தார் போலிருந்தது.

ஆசிரியர் அறையில் அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்த சோசாம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணை இன்னொரு தடவை படித்தாள். ஆறு தசம இடங்கள். ஒரு நோய்க்கிருமி புரண்டு படுத்தாலே மூன்றாவது தசமம் மாறிவிடும். கைமள் அதற்கும் அப்பால் மூன்று இடம் போயிருந்தார்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் அதே துறையில் பாடம் எடுக்கிறாள். முதலாண்டு மாணவர்கள் ஊசலை ஆட்டிவிட்டு எட்டு இலக்கத்தில் விடை கொண்டுவந்தால், முதல் இரண்டை விட்டுவிட்டு மிச்சத்தைச் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவாள். "இதெல்லாம் யாரு அளந்தது? உங்க கால்குலேட்டரா?" என்பாள். எந்த விடையின் பக்கத்திலும் 'இவ்வளவு கூடவோ குறையவோ' என்று எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது. அதனால் அவளுக்குக் 'கூடவோ குறையவோ டீச்சர்' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

இந்த 4.285714 பிறந்த கதை அவளுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாணவர் முகாம் ஒன்றில் கைமள் படகுத்துறையின் மேல்படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு மர ஸ்கேலை இறக்கிப் பார்த்தார். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்றார். அவளும் பக்கத்தில் நின்றாள். இந்த வருஷம் மறுபடியும் போய் இறக்கியிருக்கிறார்; நாற்பத்திரண்டு. மூன்று சென்டிமீட்டரைக் காணோம். அதாவது முப்பது மில்லிமீட்டர். முப்பதை ஏழால் வகுத்தால் கால்குலேட்டர் நிறுத்தாமல் இலக்கங்களைக் கொட்டும். ஏழின் குணம் அப்படி. கொட்டியதில் ஆறை மட்டும் அவர் எடுத்துக்கொண்டதை அவருடைய தன்னடக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கைமள் கையில் அல்வாப் பெட்டியோடு வந்தார். எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்துக்கொண்டே அவளிடம் வந்து நின்றார்.

"டீச்சரே, பேப்பர் பாத்தீங்களா?"

"பாத்தேன் சாரே. அந்த ஸ்கேல்ல மில்லிமீட்டர் கோடெல்லாம் தேய்ஞ்சு வருஷமாச்சு. அதுலேர்ந்து மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு எப்படி வந்துச்சு?"

"கணக்குல வந்துச்சு. நானா கையால போட்டேன்?"

"வந்ததையெல்லாம் எழுதிருவீங்களா? அளந்ததுல ஒரு இலக்கம்தான் நம்பலாம்னா விடையிலயும் ஒரு இலக்கம்தான். நாமதான பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறோம்."

கைமள் குரலைத் தாழ்த்தி, விவரம் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "டீச்சரே, அது பரீட்சைக்கு. இது ஆராய்ச்சி."

சோசாம்மா அல்வாவை எடுத்துக்கொண்டாள். அல்வா மேல் அவளுக்கு விரோதம் ஒன்றும் இல்லை.

அந்த எண் சும்மா இருந்திருந்தால் அவளும் சும்மா இருந்திருப்பாள். ஆனால் வட்டக்கரியில் அப்போது ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. படகுத்துறைக்குப் பக்கத்து வயலை மண்ணடித்து நிரப்பி ஐந்து மாடி ஹோட்டல் கட்ட நீலக்காயல் என்றொரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஏற்கெனவே ஈரத்தில் நிற்கும் ஊர். இன்னும் பாரத்தை ஏற்றாதே என்று ஊர்க்காரர்கள் ஒரு கமிட்டி போட்டு எதிர்த்தார்கள். கைமளின் எண் அவர்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல ஆயிற்று. தட்டிகளில் எழுதினார்கள், ஊர்வலத்தில் கத்தினார்கள். 'நாலு புள்ளி இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று நாலு' என்பது கோஷத்துக்கு நன்றாகவே தாளம் கட்டியது. பஞ்சாயத்து மண்டபத்தில் கைமளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். துறையின் சார்பில் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று சோசாம்மாவையும் மேடையில் உட்கார வைத்தார்கள். அது அவர்கள் செய்த தவறு.

அன்று காலையில் அவளுடைய கணவன் பேபிச்சன் எச்சரித்தான். பயணிகள் படகை ஓட்டும் ஸ்ராங்கு வேலை பார்ப்பவன். தண்ணீரையும் ஆட்களையும் வேடிக்கை பார்த்தே தலை நரைத்தவன்.

"எடீ, போய் நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. நாலோட நிறுத்திக்கோ. உன் கூடவோ குறையவோவை வீட்ல வெச்சிட்டுப் போ."

"தப்புக் கணக்கு நல்ல காரியத்துக்கு ஒதவுச்சுன்னா சரியான கணக்கு ஆயிருமா இச்சாயா?"

"எனக்குக் கணக்கு தெரியாது. உன்னைத் தெரியும்."

மண்டபத்தில் கைமளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கோட்டுக்கு மேல் பொன்னாடை. சோசாம்மாவை அழைத்தபோது அவள் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"உங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கறேன். படகுத்துறையில காலையிலயும் மத்தியானமும் தண்ணி ஒரே மட்டத்துலயா நிக்குது?"

சிரிப்பு எழுந்தது. கடலேற்றம் காயலுக்குள் வந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். "அது எப்படி டீச்சரே நிக்கும்? ஏத்தத்துக்கு ரெண்டு படி முங்கும்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்.

"அப்ப எப்போ அளக்கறோம்ங்கறதைப் பொறுத்து ஒரு சாண் கூடும், ஒரு சாண் குறையும். கைமள் சார் கண்டுபிடிச்சது மூணு சென்டிமீட்டர். ஒரு சாண் ஆடற தண்ணியில மூணு சென்டிமீட்டரைக் கண்டுபிடிக்கறது, ஓடற பஸ்ஸுல நின்னுக்கிட்டு ஊசியில நூல் கோக்கற மாதிரி. சார் எண்ணை ஒழுங்கா எழுதணும்னா இப்படித்தான் எழுதணும்: வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர், நாப்பது கூடவோ குறையவோ."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அதே பின்வரிசைக்காரர் கேட்டார்: "அப்படீன்னா டீச்சரே, ஊரு மூழ்குதா, எழும்புதா?"

"சார் கணக்குப்படி ரெண்டும் நடக்கலாம். ஒண்ணுமே நடக்காமலும் இருக்கலாம்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கைமள் பொன்னாடையின் நுனியை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சோசாம்மா இறங்கி வந்து உட்கார்ந்தபோது, கை நிறையச் சிவப்பு மை இருந்ததுபோன்ற ஒரு திருப்தி அவளுக்கு. அதை மறைக்க அவள் பெரிய முயற்சி எடுக்கவில்லை.

அந்தத் திருப்தி ஒரு வாரம் தாங்கவில்லை. படகுத்துறையில் கம்பெனி, ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தது. அதில் ஒலிபெருக்கி முன்னால் சோசாம்மா நின்றாள். கீழே கொட்டை எழுத்தில்: 'வட்டக்கரி மூழ்கவில்லை — கல்லூரி விஞ்ஞானியே சொல்கிறார்.' துறைத் தலைவராகக்கூட ஆகாத அவள் ஒரே இரவில் விஞ்ஞானி ஆகியிருந்தாள்.

கம்பெனியின் வக்கீல் மாத்தனுக்கு டவுனில் அலுவலகம். போய்க் கேட்டாள். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டு, எலுமிச்சை சோடா வரவழைத்தார்.

"நீங்க சொன்னதைத்தான் டீச்சரே போட்டோம்."

"தெரியாதுன்னு சொன்னேன். மூழ்கலைன்னு எப்ப சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான டீச்சரே?"

"வீட்டுக்குள்ள பாம்பு இருக்கா இல்லையான்னு தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னா, நீங்க பாயைப் போட்டுப் படுத்துருவீங்களா?"

மாத்தன் ரசித்துச் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பவர்களிடம் பேசிப் புண்ணியமில்லை என்று அவளுக்குத் தெரியும். சோடாவைத் தொடாமல் வந்துவிட்டாள்.

திரும்பும்போது படகுத்துறையில் வாசந்தி நின்றிருந்தாள். கமிட்டியில் முன்னால் நின்று கோஷம் போடுபவள். வீடு வயலை ஒட்டி இருந்தது. ஏற்றம் கூடிய நாளில் காயல் அவள் சமையலறைக்குள் வந்து விட்டுப் போகும்.

"வந்துட்டாங்க விஞ்ஞானி" என்றாள் வாசந்தி. "டீச்சரே, உங்க கணக்குல என் அடுப்படி நனையலையா? நேத்து அரிசிச் சாக்கு நனைஞ்சது. அதுவும் நாப்பது கூடவோ குறையவோவா?"

"வாசந்தி, நான் சொன்னது அந்த மனுஷனோட கணக்கைப் பத்தி."

"அந்த மனுஷன் தப்பாவோ ரைட்டாவோ எங்க பக்கம் நின்னாரு. நீங்க ரைட்டாப் பேசி அவனுங்களுக்கு ஃபிளெக்ஸ் அடிச்சுக் குடுத்துட்டீங்க. அவரு கணக்கு கழுதைன்னா, நல்ல கணக்கு எங்கே? போட்டுக் குடுங்களேன், பாப்போம். குறை சொல்ல எனக்கும்தான் தெரியும்."

சோசாம்மாவுக்குப் பதில் வந்தது; வாயைத் திறந்தால் இரண்டு மூன்று வரும். ஆனால் எதுவுமே வாசந்தியின் கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் இலக்கங்களை அடித்துக்கொண்டே இருந்தாள். தன் பெயரில் ஒரு எண்ணையாவது போட்டதுண்டா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பேபிச்சன் அதை ஓய்வாக எடுத்துக்கொண்டான்.

பிறகு அவள் சர்வேயர் தாசப்பனைப் போய்ப் பார்த்தாள். நிலம் அளந்து கொடுத்துப் பிழைப்பவன். முக்காலியில் நிற்கும் மட்டக்கருவியும் கோடு போட்ட உயரமான மட்டக்கோலும் வைத்திருந்தான். வட்டக்கரி பம்புக் கொட்டகைக்குப் பக்கத்தில் பாசனத்துறை நட்ட ஒரு கான்கிரீட் தூண் இருந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், கிழக்கே சர்ச் நிற்கும் செம்பாறைக் குன்றிலிருந்து அது எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்று துறை அளந்து வெளியிட்டிருந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டிருந்தது. பாறை மூழ்காது. தூண் மூழ்கும். மறுபடியும் அளந்து பார்த்தால் இடையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தண்ணீரோடு பேச்சே வேண்டாம்.

"அவ்வளவுதான டீச்சரே, ஒரு நாள் வேலை" என்றான் தாசப்பன்.

தொடங்கியபோது மழை விட்டிருந்தது. முடிந்தபோது வயலில் நாற்று நட்டு முடித்திருந்தார்கள். குன்றிலிருந்து தூண் வரைக்கும் வரப்பு, வாய்க்கால், தென்னந்தோப்பு, நடுவில் ஆயிரம் வாத்து. விடுமுறை நாட்களில் பேபிச்சன் மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றான். "ஊரே என்னை ஸ்ராங்குன்னு கூப்பிடுது. நீ மட்டும் கம்பம் ஆக்கிட்டே" என்றான். "கம்பம் பேசாது இச்சாயா. நேரா நில்லுங்க" என்றாள் அவள்.

போன வழியிலேயே அளந்துகொண்டு திரும்பினால் தொடங்கிய இடத்தில் பூஜ்யம் வரவேண்டும். முதல் தடவை நாற்பது மில்லிமீட்டர் இடித்தது. தாசப்பன் காதில் இருந்த பென்சிலை எடுத்தான்.

"பரவால்ல டீச்சரே, நடுவுல அங்கங்க ரெண்டு ரெண்டா பிரிச்சுப் போட்டுச் சரி பண்ணிரலாம். எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் பண்றதுதான். என் லேப்ல பதினெட்டு வயசுப் பையன் அதையே பண்ணா வெளியே அனுப்புவேன். உங்களுக்கு என்ன வயசு தாசப்பன்?"

அவன் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் தானாகவே வந்து, "முக்காலி சேத்துல இறங்குது. அதுதான் கோளாறு. பலகை போட்டு நிறுத்தினாச் சரியா வரும்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். பலகை போட்டார்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு மில்லிமீட்டருக்குள் வந்து சேர்ந்தது.

மொத்தம் நான்கு முறை அளந்தார்கள். தூண் இறங்கியிருந்த அளவு ஒரு முறை எண்பத்து மூன்று மில்லிமீட்டர், அடுத்து தொண்ணூற்றேழு, பிறகு எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு. தாசப்பனுக்கு அவமானமாக இருந்தது. நான்கும் ஒன்றாக வரவில்லையே என்று. சோசாம்மாவோ, ஒன்றாக வந்திருந்தால்தான் உங்களைச் சந்தேகப்பட்டிருப்பேன் என்றாள். சராசரி தொண்ணூறு. பழைய அளவிலும் புதிய அளவிலும் இருக்கக்கூடிய பிசகையெல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு முன்பின். பதின்மூன்று வருஷத்துக்குப் பங்கு போட்டால், வருஷத்துக்கு ஏழு மில்லிமீட்டர், ஒன்று கூடவோ குறையவோ.

இத்தனை சேற்றுக்கும் கிடைத்தது அந்த ஒற்றை இலக்கம். அவள் வாழ்க்கையில் எந்த எண்ணைப் பார்த்தும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இயற்பியல் துறையில் செய்தி தெரிந்ததும் கைமள் வந்து பார்த்தார். தன் கைப்பேசியில் தொண்ணூறைப் பதின்மூன்றால் வகுத்தார்.

"ஆறு புள்ளி ஒம்பது இரண்டு மூணு பூஜ்யம் ஏழு ஏழுன்னு வருது. நீங்க வெறும் ஏழுன்னு போட்டிருக்கீங்க. மாசக்கணக்கா கஷ்டப்பட்டுட்டு, கையில வந்ததை ஏன் டீச்சரே தூக்கி எறியறீங்க?"

"கையில வரலை சாரே. ஃபோன்ல வந்தது."

வாசந்தியிடம் அவளே போய்ச் சொன்னாள். வாசந்தி அப்போது அடுப்புத் திண்டை ஒரு வரிசை செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏழா? ஏழுன்னா எவ்வளவு?"

"இந்தச் செங்கல் கனம் இறங்கறதுக்கு ஒம்பது வருஷமாவது ஆகும். பன்னெண்டு வருஷத்துக்கு மேல போகாது."

வாசந்தி செங்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "பத்து வருஷம். இப்படிச் சொன்னாப் புரியுதில்ல? அதை விட்டுட்டு நாப்பது கூடன்னு மைக்கைப் பிடிச்சு எங்க மானத்தை வாங்குனீங்களே." செங்கல்லை வரிசையில் வைத்துவிட்டு, "காப்பி குடிக்கறீங்களா?" என்றாள். குடித்தாள்.

கம்பெனியின் விண்ணப்பம் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. முன்னால் விசாரணைக்கு வந்தது. புதிதாக வந்திருந்த ஆர்.டி.ஓ. நசீரா கடலோரப் பொன்னானிப் பக்கத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். கமிட்டிக்காக சோசாம்மா போயிருந்தாள். உள்ளே நுழைந்ததும் எதிர் வரிசையைப் பார்த்தாள். மாத்தன் பக்கத்தில் டாக்டர் கைமள், கோட்டோடு.

விஷயம் இதுதான். ஹோட்டலில் 'காயல் ஆராய்ச்சி மையம்' என்று ஒரு அறை ஒதுக்கி, கௌரவ இயக்குநர் என்று கைமளின் பெயரைப் பலகையில் எழுதுவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. அது இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பார். பஞ்சாயத்து மண்டபத்துச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை. ஹோட்டலின் அஸ்திவாரம் வருஷத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வரை இறக்கத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. கைமளின் எண் ஐந்துக்குக் கீழே. ஊர் மூழ்குகிறது என்று கமிட்டி தூக்கித் திரிந்த எண், இப்போது கட்டடம் மூழ்காது என்பதற்குச் சாட்சியாக வந்து உட்கார்ந்திருந்தது. எண்ணுக்கு வெட்கம் கிடையாது. யார் தூக்கினாலும் போகும்.

மாத்தன் எழுந்தார்.

"மேடம், எங்க தரப்புல ஒரு டாக்டரேட் வாங்கின நிபுணர் ஆறு தசமம் வரைக்கும் துல்லியமா கணக்குக் குடுத்திருக்காரு. அந்தப் பக்கம் டீச்சர் என்ன சொல்றாங்க? ஏழாம். கூடவோ குறையவோவாம். ஏன் டீச்சரே, கடைசியில உங்களுக்கே உறுதியாத் தெரியலை, அப்படித்தானே?"

"வக்கீல் சார், உங்க எடை என்ன?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லுங்க வக்கீலே" என்றாள் நசீரா, நிமிராமலே.

"எண்பத்திரண்டு கிலோ."

"எண்பத்திரண்டு புள்ளி எவ்வளவு?"

"அதெல்லாம் யாருக்கு டீச்சரே தெரியும்? காலையில ஒண்ணு இருக்கும், சாப்பிட்டா ஒண்ணு இருக்கும்."

"அப்போ உங்க எடை உங்களுக்கே உறுதியாத் தெரியலை. ஆனா உங்களுக்கு எடையே இல்லைன்னோ, நாப்பது கிலோதான்னோ நான் சொன்னா ஒத்துப்பீங்களா?"

பின்னால் கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். நசீரா பேனாவால் மேசையைத் தட்டினாள்.

"டீச்சர், உங்க ஏழு எவ்வளவு தூரம் குறையலாம்?"

"ஆறுன்னா ஆச்சரியப்பட மாட்டேன் மேடம். அஞ்சுன்னா ஆச்சரியப்படுவேன். அஞ்சுக்குக் கீழேன்னா திரும்பவும் அளப்பேன். பூஜ்யம்னு சொன்னா, சொன்னவர் அளக்கலைன்னு சொல்லுவேன்."

"அப்ப கைமள் சாரோட நாலு?"

"அதை அவர்கிட்டயே கேக்கலாமா?" நசீரா தலையசைக்க, சோசாம்மா திரும்பினாள். "சாரே, ரெண்டு தடவை படகுத்துறையில தண்ணி வரைக்கும் அளந்தீங்க. எந்தெந்த நேரத்துல?"

கைமள் மாத்தனைப் பார்த்தார். மாத்தன் வக்கீல்களுக்கே உரிய முறையில் வேறு எங்கோ பார்த்தார்.

"முதல் தடவை... முகாம் அன்னைக்குக் காலையில. இந்த வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். ஆனா மேடம், இதெல்லாம் சில்லறை விஷயம். கணக்கு சரியா இருக்கான்னுதான் பாக்கணும். முப்பது வகுத்தல் ஏழு எந்தக் கால்குலேட்டர்ல போட்டாலும்..."

"ஏத்தமா, வத்தமா?" என்றாள் நசீரா.

"என்ன மேடம்?"

"அளந்தப்போ கடல் ஏத்தமா, வத்தமான்னு கேட்டேன். எங்க வாப்பா படகு வெச்சிருந்தாரு. துறையில தண்ணி எவ்வளவுன்னு கேட்டா, எத்தனை மணிக்குன்னு திருப்பிக் கேப்பாரு."

கைமளுக்கு ஞாபகம் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஞாபகம் வைத்திருக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை.

"டீச்சர், அவரோட எண்ணுக்கு நீங்க போட்ட நாப்பது முன்பின்னுக்குள்ள உங்க ஏழும் அடக்கம்தானே?" என்றாள் நசீரா.

"அடக்கம் மேடம். ஊரு மூழ்கறதும் அடக்கம், எழும்பறதும் அடக்கம். எல்லாம் அடங்குன எண்ணு அது. அதை வெச்சுக் கட்டடமும் கட்ட முடியாது, தடுக்கவும் முடியாது. அன்னைக்கு மண்டபத்துல நான் சொன்னதும் இதேதான். ஃபிளெக்ஸ்ல பாதியைத்தான் போட்டாங்க."

நசீரா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

வயலை நிரப்பக் கூடாது, ஐந்து மாடிக்கு அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் இறங்கும் நிலத்தில், ஐந்தைத் தாங்கும் அஸ்திவாரம் போதாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை சோசாம்மா பலமுறை படித்தாள். அரசாங்க உத்தரவு ஒன்றில் ஒரு எண் தன் வரம்போடு சேர்ந்து வந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை.

பத்திரிகைகள் அதைச் சின்னதாகப் போட்டன. 'ஆறு முதல் எட்டு' என்பது தலைப்புக்கு எடுப்பாக இல்லை என்று நிருபர் ஒருவர் அவளிடமே வருத்தப்பட்டார். சரியாக எவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொன்னால் முதல் பக்கத்தில் போடலாம் என்றார். "சரியானதைத்தான் சொல்லியிருக்கேன்" என்று அவள் ஃபோனை வைத்தாள்.

நசீராவை அடுத்த மழைக்காலத்துக்குள் மலைப்பக்கம் எங்கோ மாற்றிவிட்டார்கள். கம்பெனி மேல்முறையீடு செய்து, அதுவும் இழுத்துக்கொண்டே போக, கடைசியில் தெற்கே வேறொரு கரையில் நிலம் வாங்கியது. அந்தக் கரையை யாரும் அளந்ததில்லை. ஆராய்ச்சி மையம் என்னவாயிற்று என்று கைமள் இரண்டு மூன்று முறை மாத்தனுக்குப் பேசிப் பார்த்தார். வக்கீல் எப்போதும் கோர்ட்டில் இருந்தார். ஆனால் கைமள் அசரவில்லை. ஓய்வுபெறும் முன்பு மாவட்ட அளவில் அறிவியல் சேவைக்கான விருது ஒன்று அவருக்குக் கிடைத்தது. விழாவில், தான் தொடங்கிவைத்த ஆய்வைத் தன் துறையின் சக ஆசிரியை ஒருவர் ஓரளவு உறுதிப்படுத்தியிருப்பதாகப் பெருந்தன்மையோடு குறிப்பிட்டார்.

சோசாம்மா விழாவுக்குப் போகவில்லை. தெற்குக் கரைக்காரர்கள் சிலர் வந்து, அங்கேயும் ஒரு மட்டக்கல் நட்டு அளந்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முதல் அளவு எடுத்தால்தான் பத்து வருஷம் கழித்து எதையாவது சொல்ல முடியும். அவளும் தாசப்பனும் அன்று அங்கே பலகை போட்டுக்கொண்டிருந்தார்கள். விருது பற்றிய செய்தியை, ஒரு கையில் மட்டக்கோலைப் பிடித்திருந்த பேபிச்சன் ஃபோனில் பார்த்துப் படித்துக் காட்டினான்.

"ஓரளவு உறுதிப்படுத்துனியாம்டீ."

"ஓரளவுன்னா எவ்வளவுன்னு எழுதலையே" என்றாள் அவள், கருவியில் கண் வைத்தபடியே. "கோலைச் சாய்க்காதீங்க."